ராத்திரி எங்கே நிற்கும்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்தும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். தாத்தா பிழைப்புத் தேடி வந்தபோது நடுவில் மாநில எல்லை என்று ஒன்று இருக்கவில்லை, எல்லாம் திருவிதாங்கூர்தான். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், வசவுக்கு இரண்டும். அம்மாவுக்கு 75 வயது பூர்த்தியாகிறது. மூத்தவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். இளையவர் துபாயில், பத்து நாள் லீவில் வருகிறார். மருமகள்கள், பேரப் பிள்ளைகள் சேர்த்து எட்டுப் பேர். கோவிலுக்குப் போய்ச் சலித்துவிட்டது. இந்த முறை ஒரு படகை மொத்தமாக வாடகைக்கு எடுத்துத் தீவுகளைச் சுற்றுவது என்று இளையவர் முடிவு செய்துவிட்டார். குளிர்சாதன அறைகள், சமையல்காரர், மாலுமிகள் எல்லாம் உண்டு. ஏஜெண்டு மூன்று தாள்களை மேஜையில் பரப்புகிறார்: இரண்டு இரவு, நான்கு இரவு, ஏழு இரவு.

குடும்பம் கற்பனை. கேள்வி கற்பனையல்ல. ஊரும் தேதியும் படகும் முடிவான பிறகும் ‘எத்தனை நாள்?’ என்பதில்தான் பேச்சு நின்றுபோகிறது. ஒரு நாள் கூடினால் எட்டுப் பேருக்கும் சேர்த்துக் கூடுகிறது. தொகை லட்சங்களில் ஏறுகிறது. “வந்ததே வந்தாச்சு, ஏழு நாள் போட்டுரலாம்ணே” என்கிறார் துபாய்க்காரர். “கடையை யார் பாக்கிறது?” என்கிறார் அண்ணன். இருவரும் பேசுவது லீவைப் பற்றி, பணத்தைப் பற்றி. படகைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

பேசத் தொடங்குவதற்குக் கேரளத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. ஆலப்புழை வீட்டுப் படகு. குட்டநாட்டிலிருந்து நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் அவை. ‘கெட்டு’ என்றால் கட்டு. ஆணி அடிக்காமல், மரப் பலகைகளைக் கயிற்றால் கட்டித் தைத்து, முந்திரி ஓட்டு எண்ணெய் பூசி மிதக்க விட்ட சரக்குப் படகுகள். சாலைகள் வந்ததும் வேலையிழந்து கிடந்த இவற்றின்மேல் 1990களின் தொடக்கத்தில் படுக்கையறைகள் ஏறின. இன்று ஆலப்புழையின் பிழைப்பே அவைதான் என்றால் பெரிய மிகையில்லை.

வீட்டுப் படகில் ‘ஒரு நாள்’ என்பது என்ன? பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவது. 21 மணி நேரம். இதில் படகு ஓடும் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஏறியதும் ஒன்றரை மணி நேரம் போகும். சாப்பாட்டுக்கு ஓரமாகக் கட்டுவார்கள். பிறகு மாலை ஐந்தரை வரை ஓட்டம். அதற்குமேல் ஓடக் கூடாது. காயலில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. இருட்டில் ஓடும் படகின் விசிறி வலையைச் சுக்குநூறாக்கிவிடும். மறுநாள் காலை பலகாரம் முடிந்து, புறப்பட்ட துறைக்குத் திரும்ப ஒரு மணி நேரம். ஆக ஓட்டம் ஐந்து, ஐந்தரை மணி நேரம். மீதிப் பதினைந்து மணி நேரமும் தென்னை மரத்தில் கட்டிய படகில் உட்கார்ந்திருப்பதுதான். பல படகுகளில் குளிர்சாதனம் இரவு 9 மணிக்குப் போட்டுக் காலை 6 மணிக்கு நிறுத்தப்படும் என்பது பேரம் பேசும்போது காதில் விழாமல், இரவு எட்டே முக்காலுக்கு வியர்க்கும்போது தெரியவரும்.

இது ஏமாற்றல்ல. படகுத் தொழிலின் கணக்கே இப்படித்தான். மத்தியதரைக் கடலில் பணக்காரர்கள் எடுக்கும் பாய்மரப் படகுகளுக்கும் இதே கணக்குத்தான். அங்கே வாடகை வாரக்கணக்கில், பெரும்பாலும் சனி முதல் சனி வரை. முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணி சுமாருக்கு ஏறலாம். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதுக்குள் பெட்டியோடு இறங்கிவிட வேண்டும். முந்தைய நாள் மாலையே துறைக்குத் திரும்பச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. ஏழு நாள் என்று பணம் கட்டியவருக்குக் கடலில் கிடைப்பது ஆறு நாள். இரண்டு நாள் கட்டியவருக்கு? முதல் நாள் ஏறுவதில், கடைசி நாள் இறங்குவதில் போக, நடுவில் ஒரே ஒரு முழு நாள். எத்தனை நாள் என்று கேட்பவர் முதலில் இரண்டு முனைகளையும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எண்ண வேண்டும்.

இறங்குவதற்கும் ஏறுவதற்கும் நடுவில் சில மணி நேரம் ஏன் என்பதையும் சொல்லிவிடலாம். அதற்குள் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், கழிவுத் தொட்டி காலி செய்ய வேண்டும், தண்ணீர், டீசல், மீன், காய்கறி ஏற்ற வேண்டும். வீட்டுப் படகில் இதைச் செய்வது ஓட்டுநர், சமையல்காரர், உதவியாள் என்று மூன்று, நான்கு பேர். சீசனில் ஒன்பது மணிக்கு ஒரு கும்பல் இறங்கும், பன்னிரண்டுக்கு அடுத்த கும்பல் ஏறும். அவர்கள் வீடு அரைமைல் தொலைவில் இருந்தாலும் பார்க்க முடியாது. விருந்தினர் கூடுதலாக ஓர் இரவு தங்கினால் மிகவும் மகிழ்பவர்கள் ஒருவேளை இவர்களாகத்தான் இருக்கும்.

காயலை விட்டுக் கடலுக்கு வருவோம். திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தீவு என்றால் இரண்டு. வடமேற்கிலும் மேற்கிலுமாக லட்சத்தீவு, தென்மேற்கில் மாலத்தீவு. வரைபடத்தில் விரல் வைத்தால் இரண்டும் பக்கம்தான். லட்சத்தீவின் தென்கோடியான மினிக்காய் ஏறத்தாழ திருவனந்தபுரத்தின் அதே அட்சரேகையில், நேர் மேற்கே இருக்கிறது. நடுவில் 400 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். மாலே சுமார் 600 கிலோமீட்டர். டெல்லிக்கு இருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விமானத்தில் ஏறினால் காபி குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் சொகுசுப் பாய்மரப் படகு மணிக்குச் சராசரியாக 6 கடல் மைல் போகும். கிலோமீட்டரில் 11. நம் ஊர் சைக்கிள் வேகம்கூட இல்லை. இந்த வேகத்தில் விழிஞ்ஞத்திலிருந்து மினிக்காய்க்கு இரவு பகலாக ஒன்றரை நாளுக்கு மேல். மாலேக்கு இரண்டே கால் நாள். போய்த் திரும்புவதற்கே லீவில் பாதி முடிந்துவிடும். அதுவும் ஆழ்கடலில், கண்ணுக்கெட்டிய வரை ஒரு தென்னை மரம்கூட இல்லாமல். இரட்டை வேகத்தில் ஓடும் இயந்திரப் படகு என்றால் நேரம் பாதியாகும். டீசல் செலவு பாதியாகாது. பல மடங்கு ஏறும். பெரிய இயந்திரப் படகை விரட்டினால் மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் குடிக்கும். அதனால்தான் உலகெங்கும் தீவுப் படகு வாடகைகள் தீவிலேயே தொடங்கித் தீவிலேயே முடிகின்றன. பயணி விமானத்தில் போய்ச் சேர வேண்டும். படகு அங்கே காத்திருக்கும். ஊரிலிருந்தே படகில் கிளம்ப வேண்டும் என்ற ஆசையை இளையவர் இந்த இடத்தில் விட்டுவிடுவது நல்லது.

(திருவனந்தபுரத்திலிருந்து படகில் கிளம்புவது ஒன்றும் புதிதில்லை. ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டிய பார்வதி புத்தனார் வழியே வள்ளக்கடவிலிருந்து வடக்கே போவார்கள். 1880இல் வர்க்கலைக் குன்றைக் குடைந்து முடித்த பிறகு கொல்லம்வரை நீர்வழி திறந்தது. இன்று பார்வதி புத்தனாரில் படகைவிட ஆகாயத் தாமரைக்குத்தான் இடம் அதிகம். கோவளத்திலிருந்து பேக்கல்வரை 616 கிலோமீட்டர் நீர்வழியை மீட்கும் அரசுத் திட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது.)

லட்சத்தீவில் நாள் கணக்கைப் பயணி தீர்மானிப்பதில்லை. தீவுவாசி அல்லாத எவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. எந்தத் தீவு, எந்தத் தேதி என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அழகாக இருக்கிறதே, இன்னும் இரண்டு நாள் இருக்கலாமே என்ற பேச்சுக்கு இடமில்லை. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் ‘சமுத்திரம்’ என்ற பெயரில் நடத்திவந்த கப்பல் சுற்றுலாவின் கால அளவு ஐந்து நாள். கொச்சியில் புறப்பட்டு கவரத்தி, கல்பேனி, மினிக்காய் பார்த்துத் திரும்புவது. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கொச்சியிலிருந்து கவரத்தி 404 கிலோமீட்டர், மினிக்காய் 398, கல்பேனி 287. ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் இரவு தேவை. பகலில் தீவு, இரவில் ஓட்டம். மூன்று தீவுக்கு மூன்று பகல், போகவர இரவுகள். கூட்டினால் ஐந்து. கப்பல் தூங்கும் நேரத்தில் ஓடியதால் பயணியின் பகல் முழுசாகக் கையில் கிடைத்தது. கப்பலுக்கு இது சாத்தியம். கரையோரப் பவளப் பாறைகளுக்கு நடுவே வளைந்து போகும் சின்ன உல்லாசப் படகுக்குச் சாத்தியமில்லை.

இன்னொன்றும் உண்டு. லட்சத்தீவுக் கப்பல்கள் சுற்றுலாவுக்காக விட்டவை அல்ல. தீவு மக்கள் கொச்சிக்கு ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வந்து போகும் வண்டி அதுதான். 2021 டிசம்பரில் எம்.வி. கவரத்தி கப்பலின் என்ஜின் அறையில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் பெரிய கப்பல் ஒன்று ஓடாமல் நின்றது. அதைத் தொடர்ந்த காலத்தில் டிக்கெட் கிடைக்காமல் தீவுக்காரர்கள் கொச்சியில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ‘இரண்டு நாள் போதுமா, ஐந்து நாளா’ என்று ஒருவர் யோசிக்கும் அதே கப்பலில், டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்ப இடம் தேடுபவரும் வரிசையில் நிற்கக்கூடும்.

எட்டுப் பேருக்குத் தனிப் படகு என்றால் மாலத்தீவுதான் வசதி. அங்கே முதல் சுற்றுலா விடுதி 1972இல் திறந்தது. இன்று ‘சஃபாரிப் படகுகள்’ என்று ஒரு கூட்டமே இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு மாலத்தீவு புதிதுமில்லை. சிகிச்சைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வந்து மாதக்கணக்கில் தங்கும் மாலத்தீவுக் குடும்பங்களை மெடிக்கல் காலேஜ் பக்கம் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். நாள் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதையும் இந்த நகரம் அறியும். 1994இல் சூரத்தில் பிளேக் பீதி கிளம்பி விமானம் ரத்தானதால் ஊர் திரும்ப முடியாத ஒரு மாலத்தீவுப் பெண் விசாவை நீட்டிக்கப் போனார். அங்கே ஆரம்பித்ததுதான் இஸ்ரோ உளவு வழக்கு. குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று சி.பி.ஐ. 1996இல் அறிக்கை தந்தது. விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2018இல்.

சஃபாரிப் படகுகளின் வழக்கமான அளவு ஏழு இரவு. இதற்குக் காரணம் இந்தியர்கள் அல்ல. ஐரோப்பாவிலிருந்து பத்து மணி நேரம் பறந்து வருபவருக்கு அதற்குக் குறைந்தால் கட்டுபடியாகாது. அவர்களில் பெரும்பாலோர் கடலுக்கடியில் முக்குளிக்க வருபவர்கள். முக்குளித்த உடலோடு உடனே விமானம் ஏறக் கூடாது என்பதால் கடைசி ஒரு நாள் தண்ணீரில் இறங்காமல் சும்மா கழியும். அதையும் கழித்துவிட்டுத்தான் ஏழு என்று வைத்திருக்கிறார்கள். சாலைத் தெருக் குடும்பத்தில் முக்குளிப்பவர் யாருமில்லை. பறப்பதும் பத்து மணி நேரமல்ல. இன்னொருவர் உடம்புக்குத் தைத்த சட்டையை ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்?

மாலத்தீவில் நாள் கணக்கு என்பது வட்டத்தீவுக் கணக்கு. ஏறத்தாழ 1,200 தீவுகள், 26 பவள வட்டங்களாகச் சுமார் 870 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. வட்டத்துக்கு உள்ளே கடல் தெப்பக்குளம் மாதிரி அடங்கியிருக்கும். ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது திறந்த கடல். மூன்று இரவு எடுத்தால் மாலேயை ஒட்டிய வட மாலே, தென் மாலே வட்டங்களோடு சரி. ஏழு இரவு எடுத்தால் மேற்கே அரி வட்டம்வரை போகலாம். சில மணி நேரம் அலை தூக்கிப் போடும். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. அதிக நாள் என்றால் அதிகத் தீவு என்று ஏஜெண்டு சொல்வது உண்மைதான். அதிக ஆட்டமும் அதில் அடக்கம்.

இங்கும் படகுகள் பெரும்பாலும் பகலில்தான் ஓடும். பவளப் பாறை எங்கே இருக்கிறது என்பதை நீரின் நிறத்தைப் பார்த்துத்தான் மாலுமி கண்டுபிடிக்கிறார். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை ஆழமின்மை, பழுப்பு என்றால் பாறை தலைக்கருகில். சூரியன் உச்சியில் இருந்தால் இது தெளிவாகத் தெரியும். சாய்ந்தால் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். எனவே மாலையில் ஏதாவது ஒரு தீவின் மறைவில் நங்கூரம். ஆலப்புழையில் வலை, இங்கே பாறை.

கடலில் எத்தனை நாள் தாங்கும் என்பதை உண்மையில் தெரிந்தவர்கள் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக இருக்கும் கிராமங்களின் ஆழ்கடல் மீனவர்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் புறப்பட்டு லட்சத்தீவுக்கு அப்பாலும் போய்ச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். ஒரு தடவை போனால் திரும்ப மூன்று, நான்கு வாரம் ஆகும். அவர்கள் நாளை எண்ணி வைத்துக்கொண்டு கிளம்புவதில்லை. ஐஸை எண்ணிக் கிளம்புகிறார்கள். அறையில் ஏற்றிய ஐஸ் எத்தனை நாள் தாங்குமோ, டீசல் எத்தனை நாள் வருமோ, குடிதண்ணீர் எவ்வளவோ, அதுதான் பயணத்தின் நீளம். குளிக்க நல்ல தண்ணீர் கிடையாது. அது குடிக்க.

உல்லாசப் படகுக்கும் இதே கணக்குத்தான், கொஞ்சம் வாசனைத் திரவியம் பூசியது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருக்கிறதா, இருந்தால் அதை ஓட்ட எத்தனை மணி நேரம் ஜெனரேட்டர் போட வேண்டும்? எட்டுப் பேர் தினம் இரண்டு முறை குளித்தால் என்ன ஆகும்? ஏழு இரவுப் படகு என்றால் இயந்திரம் கட்டாயம் வேண்டும். அது இரவில் ஓடினால் தூக்கம் போகும். பகலில் ஓடினால் அமைதி போகும். விளம்பரத் தாளில் அலையோசைதான் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள்.

அடுத்து வயிறு. கடல் ஆட்டத்துக்கு உடம்பு பழக இரண்டு, மூன்று நாள் பிடிக்கும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். இதை வாடகைத் தாளோடு சேர்த்துப் படித்தால் கிடைப்பது: இரண்டு இரவுக்காரர், குமட்டல் அடங்கும் நேரத்தில் கரை இறங்குகிறார். வாழ்க்கை முழுவதும் படகு என்றாலே அவருக்கு வாந்தி நினைவுதான் வரும். நான்காவது நாள் காலையில்தான் படகில் நடப்பது வீட்டில் நடப்பது போலாகும். நான்கு இரவுக்குக் குறைந்து தீவுப் படகு எடுப்பது வீண் என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான். அவ்வளவு நாள் முடியாதென்றால் காயலே உத்தமம். அங்கே அலை கிடையாது. இரண்டு இரவு தாராளம். அதுவும் வேண்டாமென்றால் பூவாறில் நெய்யாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கேரள அரசு நிறுவனம் 2018இல் கொச்சியில் இறக்கிய ‘நெஃபர்டிட்டி’ சொகுசுக் கப்பலும் சில மணி நேரம் அரபிக் கடலுக்குள் போய்த் திரும்புவதைத்தான் வழக்கமாகக் கொண்டது.

மாதமும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக் காற்று. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை முடியும்வரை 52 நாள் இழுவலைப் படகுகளுக்குத் தடை. அந்த மாதங்களில் வாடகை மலிவாகத்தான் இருக்கும். ‘அதே பணத்துக்கு ஏழு நாள்’ என்று தூண்டில் போடுவார்கள். ஏழில் மூன்று நாள் ஏதோ ஒரு தீவின் மறைவில் மழையைப் பார்த்துக்கொண்டு கட்டிக் கிடக்க நேரலாம். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு ஆசாமி உண்டு: கள்ளக்கடல். உள்ளூரில் காற்றும் இல்லை, மேகமும் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே எங்கோ வீசிய புயலின் அலை, நாட்கள் கழித்துத் திருடனைப் போல் வந்து கரையேறும். மீனவர் வைத்த அந்தப் பெயரை 2012இல் யுனெஸ்கோவே அறிவியல் சொல்லாக ஏற்றது. 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது இதனால்தான்.

நவம்பர் கடைசி என்றால் சீசன் தொடங்கிவிட்டது, பயமில்லை என்பார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது அப்படிப்பட்ட நாளில்தான். எச்சரிக்கை வருவதற்குள் தூத்தூர்ப் படகுகள் வாரக்கணக்கான ஐஸோடு ஆழ்கடலில் இருந்தன. குமரி, திருவனந்தபுரம் கரைகளிலிருந்து போன நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. புயல் மினிக்காயையும் விடவில்லை. உல்லாசப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் எடுக்க வேண்டும் என்று துபாய்க்காரர் முகம் சுளிக்கலாம். கடல் ஒன்றுதான் என்பதற்காக. வானிலை கெட்டால் பயணத்தைப் பாதியில் நிறுத்தும் உரிமை படகுத் தலைவருக்கு உண்டா, அப்போது மீதிப் பணம் என்ன ஆகும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் நாள் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ஆபத்து. பணம் திரும்பாது என்ற நிலையில், ‘போய்த்தான் பார்ப்போமே’ என்று வற்புறுத்துபவர் பெரும்பாலும் பயணிதான்.

நேரத்தை மீறுவதன் விலை கேரளத்துக்குத் தெரியும். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அந்தி சாய்ந்த பிறகும் ஆளை ஏற்றிக் கிளம்பிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகை உருமாற்றியது அது. ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தது. ‘கடைசியாக இன்னும் ஒரு சுற்று’ என்பதுதான் அந்த மாலையின் கதை. ஐந்தரைக்குமேல் படகை நகர்த்தாத ஆலப்புழை ஓட்டுநரிடம், “இன்னும் வெளிச்சம் இருக்கே சேட்டா” என்று நூறு ரூபாய் நீட்டுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பணம். மாலத்தீவு 2025 ஜனவரியிலிருந்து விடுதிகளிலும் படகுகளிலும் தங்குபவரிடம் தலைக்கு, நாளுக்கு 12 டாலர் பசுமை வரி வாங்குகிறது, முன்பு 6. சுற்றுலா மீதான சரக்கு சேவை வரி 2025 ஜூலையில் 17 சதவீதமானது. எட்டுப் பேருக்கு ஏழு இரவென்றால் பசுமை வரி மட்டும் 600 டாலருக்கு மேல். பெரிய படகுகளில் டீசல், உணவு, துறைமுகக் கட்டணம் எல்லாம் வாடகைக்கு வெளியே. வாடகையில் கால் பங்கோ அதற்கு மேலோ முன்பணமாக வாங்கி வைத்துச் செலவுக்கு ஏற்பக் கழிக்கும் வழக்கமும் உண்டு. மாலுமிகளுக்கு அன்பளிப்பு தனி. தாளில் உள்ள தொகையை நாளால் வகுத்து, ‘ஏழு நாள் எடுத்தால் ஒரு நாளைக்கு மலிவு’ என்று மகிழ்வதற்கு முன் இவற்றைச் சேர்த்துவிட்டு வகுக்க வேண்டும். முனைகளில் போகும் இரண்டு நாளை வகுக்கும் எண்ணிலிருந்து எடுத்துவிட்டும் பார்க்கலாம். நான்கு இரவுக்கும் ஏழு இரவுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது சரியாகத் தெரியும்.

சாலைத் தெரு வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடித்தபோது இரவு பத்து மணி. எட்டுப் பேர் ஒரே படகில் ஏழு நாள் சண்டை போடாமல் இருக்க முடியுமா என்ற கேள்வியை மருமகள்கள் சமையலறையிலிருந்தே கேட்டுவிட்டார்கள். ஏஜெண்டு பேனாவை எடுத்தார்.

அதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா இளையவரிடம் கேட்டார். “மக்கா, ராத்திரி இந்தப் படகை எங்க நிப்பாட்டுவானுவ?”

யாருக்கும் தெரியவில்லை. ஏஜெண்டு போன் போட்டு மாலேயில் விசாரித்தார். ஒவ்வோர் இரவும் எந்தத் தீவின் மறைவு, கரை எவ்வளவு தூரம், ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிற்கும், பக்கத்தில் ஆஸ்பத்திரி உள்ள தீவு எது என்று ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. முதல் நான்கு இரவுகளுக்குத் தயங்காமல் இடம் சொன்ன படகுக்காரர், ஐந்தாவது இரவுக்கு ‘அன்றைய காற்றைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்றார்.

நான்கு இரவு என்று எழுதிக்கொண்டார்கள். விமானம் தவறாமலிருக்கக் கடைசியில் ஓர் இரவு கரையில், மாலேக்கு அடுத்த ஹுல்ஹுமாலேயில் அறை. துபாய்க்காரரின் லீவில் மிஞ்சிய நாட்களை வீட்டில் இருக்கச் சொன்னார் அண்ணன். அம்மா எழுந்து போய், வாந்திக்கு நல்லதென்று கால் கிலோ சுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் சாமான் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.